அப்பாவின் பெயர்

ஜெர்மனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், மேசையில் இருந்த அடையாள அட்டையில் பெரிய எழுத்தில் இருந்தது என் அப்பாவின் பெயர். என் பெயர் கீழே, சின்னதாக. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டில் அந்தக் கட்டத்தை நிரப்ப இனிஷியலை விரித்து அப்பா பெயரைப் போட்டிருந்தேன். அன்றிலிருந்து ஸ்டுட்கார்ட் பக்கத்துத் தொழிற்சாலையில் நான் ‘ஹெர்’ (நம் ‘திரு’ மாதிரி) போட்ட அப்பா.

ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவருடைய கூட்டாளிகளும் பெரியவர்களும்தான். அம்மா ஒரு நாளும் அந்தப் பெயரை வாயால் சொன்னதில்லை. இங்கே பயிற்சிக்கு வந்த பையன் வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து அதைச் சொல்லிக் கூப்பிடுவான். கூப்பிடும்போதெல்லாம் துணுக்கென்று இருக்கும். அதை அவர்கள் உச்சரித்த விதமும் தப்பு. ஆனால் திருத்தத் தோன்றவில்லை.

பெயரைவிட அதிகம் அடிபட்டது ‘சரி’யில். சோதனை அறிக்கை வெள்ளிக்கிழமைக்குள் கிடைக்குமா என்று மேலாளர் கேட்டார். சரி என்றேன். நம் ஊரில் சரி என்றால் ‘நீங்கள் சொன்னது காதில் விழுந்தது’ என்றும் அர்த்தம் உண்டு. அவர் அதை வாக்குறுதியாகக் குறித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் கேட்டார்: “முடியாதென்றால் திங்கட்கிழமையே சொல்லியிருக்கலாமே?” குரலில் கோபமே இல்லை. மதியம் ‘மால்ட்சைட்’ என்று சொல்லிக்கொண்டு என் பக்கத்திலேயே தட்டோடு வந்து உட்கார்ந்தார். அது அங்கே சாப்பாட்டு நேர வணக்கம். எனக்குத்தான் மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்று சொல்லப் பழக ஒரு வருடம் ஆனது. பழகிய பிறகு வேறு சங்கடம். அக்கா போனில் ஏதோ உதவி கேட்டாள். “முடியாது” என்றேன், அப்படியே. மறுமுனையில் சத்தமே இல்லை. அவள் அன்று அழுததை அம்மா பிறகு சொன்னார். நான் மாறிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது அன்றைக்குத்தான்.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் டிரெஸ்டனில் பிறந்தவர். ஜெர்மன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க நான் தயங்கிக்கொண்டிருந்தபோது, அவர் ஒரு நாள் மேசை இழுப்பறையிலிருந்து நீல நிறச் சிறு புத்தகம் ஒன்றை எடுத்துக் காட்டினார். கிழக்கு ஜெர்மனியின் அடையாளப் புத்தகம். அட்டையில் சுத்தியலும் கவராயமும். 1990 அக்டோபர் 3 அன்று அது மேற்கு ஜெர்மனியோடு இணைந்து, அவருடைய நாடே இல்லாமல் போனது. “நான் வீடுகூட மாறவில்லை, நாடு மாறிவிட்டது” என்றார். அதைத் தூக்கிப்போட அவருக்கு இன்னும் மனசு வரவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை; கேட்காமலே புரிந்தது.

2024 ஜூன் 27 முதல் ஜெர்மனி பழைய குடியுரிமையை விடச் சொல்வதில்லை. விடச் சொல்வது நம் நாட்டின் 1955ஆம் வருடச் சட்டம். வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை தானாகவே போய்விடும். அதற்குப் பதில் ஓ.சி.ஐ. எனப்படும் வெளிநாடுவாழ் இந்தியக் குடிமகன் அட்டை வாங்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. இவ்வளவு பேர் உலகமெங்கும் போய் உழைக்கும் காலத்தில் இந்தக் கண்டிப்பு எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டேன். என் பிள்ளைகள் வளர்வது இங்கே.

சான்றிதழ் வாங்கும் நாளில் அந்த அதிகாரி அம்மா எழுந்து நின்று என் பெயரை வாசித்தார். பிறகு அப்பா பெயர், வழக்கம்போலத் தப்பாக. “அப்படி இல்லைங்க” என்று ஜெர்மனில் சொல்லி, மெதுவாக ஒரு முறை சொல்லிக் காட்டினேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவை கிட்டத்தட்ட சரியாக வந்தது.