கண்டக்டர் கையை இறக்கிய பிறகு

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் இசையையே தொழிலாக வைத்திருப்பவர், முன்னால் நின்று கையசைத்து எங்களை நடத்தும் கண்டக்டர் ஒருவர்தான். மற்ற எல்லாரும் வேறு எதையோ படிக்க வந்தவர்கள். முதல் வயலினில் பாதிப் பேர் மருத்துவ மாணவர்கள். செல்லோ என்ற பெரிய தந்தி வாத்திய வரிசையில் சட்டமும் இயற்பியலும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். ஓபோ என்ற ஊதுகுழல் வாசிக்கும் பெண் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். நான் வேதியியல் ஆய்வகத்திலிருந்து நேராக வயலின் பெட்டியோடு வந்து இரண்டாம் வயலின் பின்வரிசையில் உட்காருகிறவள்.

ஊர் ஜெர்மனியில் லைப்சிக். வாரத்தில் ஒரு மாலை ஒத்திகை. அக்டோபரில் தொடங்கினால் பிப்ரவரி ஆரம்பத்தில் கச்சேரி. யாருக்கும் சம்பளம் கிடையாது, வராதவரை வேலையை விட்டு எடுக்கவும் முடியாது. தேர்வுக் காலத்தில் வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரியது) வரிசையே காலியாகிவிடும். ஒரு செமஸ்டரில் பழகிய கைகள் அடுத்த செமஸ்டரில் மாட்ரிட்டிலோ பெர்கனிலோ இருக்கும். ஒவ்வொரு அக்டோபரிலும் கண்டக்டர் கிட்டத்தட்ட முதலிலிருந்து ஆரம்பிக்கிறார். இத்தனைக்கும் ஒரு தடவைகூட அவர் சலித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

போன குளிர்காலத்தில் அத்தை போனில் கேட்டார்: "நீங்கள்லாம் நோட்டைப் பார்த்துதானே வாசிக்கிறீங்க. அவர் குச்சியை ஆட்டறதுக்குன்னு தனியா ஒரு ஆள் எதுக்கு?" நியாயமான கேள்வி. அப்போது போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நாங்கள் எடுத்திருந்தது மோட்சார்ட்டின் 29ஆவது சிம்பொனி, அதாவது முழு ஆர்க்கெஸ்ட்ராவுக்காக நான்கு பகுதிகளாக எழுதிய இசை, 'ஏ மேஜர்' சுருதியில். 1774இல் சால்ஸ்பர்கில் எழுதியது, அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. எங்கள் குழுவில் பலர் அதைவிடப் பெரியவர்கள். தந்தி வாத்தியங்கள், இரண்டு ஓபோ, ஹார்ன் என்ற பித்தளை ஊதுவாத்தியம் இரண்டு, அவ்வளவுதான். டிரம் இல்லை, டிரம்பெட் இல்லை. பெரிய சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவில் பதினாறு வயலின்களுக்கு நடுவில் ஒருவர் சற்றே தடுமாறினால் கேட்காது. இங்கே ஒரு வரிசைக்கு ஐந்தாறு பேர். எல்லாம் கேட்கும்.

அந்த சிம்பொனிக்கு முன்னுரை கிடையாது. முதல் வயலின் மெதுவான சத்தத்தில் 'ஏ' என்ற ஸ்வரத்தை வாசித்து, அங்கிருந்து ஒரு ஸ்தாயி கீழே இறங்கி, பிறகு படிப்படியாக ஏறும். கீழே நாங்கள் எல்லாரும் நீண்ட ஸ்வரங்களில் தாங்கிப் பிடிப்போம். கேட்க மிக எளிமையாக இருக்கும். வாசிக்கும்போதுதான் தெரியும், இருபது பேர் ஒரே கணத்தில், அதுவும் சத்தமே இல்லாமல், ஆரம்பிப்பது எவ்வளவு கஷ்டம் என்று. முதல் ஒத்திகையில் முக்கால் மணி நேரம் அந்த முதல் நான்கு அளவுகளிலேயே (தாளில் கோடு போட்டுப் பிரித்த சின்னத் தாளக் கட்டங்கள்) போனது.

கண்டக்டர் அன்று காட்டியதை நான் மறக்கவே மாட்டேன். "முதல் அடியைப் பார்க்காதீர்கள், அதற்கு முந்தைய அடியைப் பாருங்கள்" என்றார். கையை மேலே தூக்கும்போதே மூச்சை இழுத்தார். அந்தத் தூக்கலிலேயே எல்லாம் இருந்தது. எவ்வளவு வேகம் என்பது கை மேலே போகும் வேகத்தில், எவ்வளவு சத்தம் என்பது அது எவ்வளவு உயரம் போகிறது என்பதில், எப்படிப்பட்ட ஒலி என்பது மணிக்கட்டு தளர்ந்திருக்கிறதா விறைத்திருக்கிறதா என்பதில். கை கீழே வந்து சேருவதற்குள் சொல்ல வேண்டியதையெல்லாம் சொல்லி முடித்திருப்பார். பிறகு எங்களையும் அவரோடு சேர்ந்து மூச்சிழுக்கச் சொன்னார். வில் தந்தியின் மேல் இருக்கிறது, மூச்சு உள்ளே போகிறது, வெளியே வரும்போது வில் நகர்கிறது. மூன்றாவது தடவை அந்த 'ஏ' ஒரே வயலினிலிருந்து வந்தது போல வந்தது.

எனக்கு இதில் தனியாக ஒரு பாடமும் இருந்தது. சின்ன வயதில் கற்றுக்கொண்டது கர்நாடக வயலின். பாடகர் ஒரு சங்கதியைப் பாடினால் அதை அடியொற்றி மயிரிழை பின்னால் போவதுதான் பக்கவாத்தியத்துக்கு அழகு. அந்தக் காது எனக்கு ஊறிப்போனது. இங்கே கேட்டுவிட்டு வாசித்தால் தாமதம்தான். பின்வரிசையிலிருந்து டபுள் பேஸ் என்ற மிகப் பெரிய தந்தி வாத்தியம் வரை பத்து மீட்டராவது இருக்கும். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும் என்றால், அங்கிருந்து என்னிடம் வர 0.03 நொடி ஆகும். நான் அதைக் கேட்டுவிட்டு வாசித்து, என் சத்தம் திரும்ப அங்கே போய்ச் சேர இன்னொரு 0.03 நொடி. கடைசிப் பகுதியில் ஓடும் வேகமான ஸ்வரங்களில் இது அப்பட்டமாகத் தெரியும். செல்லோவில் இருக்கும் இயற்பியல் மாணவன் இதைக் கணக்குப் போட்டுச் சொன்னபோது கண்டக்டர் சிரித்துக்கொண்டே "அதற்குத்தான் என்னை நிறுத்தியிருக்கிறார்கள்" என்றார். ஒளிக்குத் தாமதம் இல்லை. கண்ணால் காலம், காதால் சுருதியும் நிறமும். அத்தைக்கு முதல் பதில் இதுதான்.

ஆனால் அது பாதிப் பதில். காலத்தை மட்டும் காட்டுவதற்குத் தாளம் தட்டும் மெட்ரோனோம் கருவி ஒன்று போதும்.

நவம்பரில் ஒரு மாலை அவர் எல்லாரையும் இடம் மாற்றி உட்கார வைத்தார். எந்த இருவரும் ஒரே பகுதியை வாசிக்கிறவராகப் பக்கத்தில் இருக்கக் கூடாது. எனக்கு இந்தப் பக்கம் ஒரு ஹார்ன், அந்தப் பக்கம் ஒரு வயோலா. சிம்பொனியின் தொடக்க மெட்டு திரும்ப உரக்க வரும் இடத்தில் வயோலா, செல்லோ போன்ற கீழ்ஸ்தாயி வாத்தியங்கள் அதே மெட்டைத் துரத்திக்கொண்டு வரும் என்று எனக்குத் தாளில் தெரியும். அன்றைக்குத்தான் வயோலாவின் வில் என் முழங்கைக்குப் பக்கத்தில் அதைத் துரத்துவதைக் கேட்டேன். அதற்குப் பிறகு அந்த இடத்தை எப்படி வாசிக்க வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஓபோ வராத நாளில் அந்தப் பகுதியை அவரே பாடுவார். குரல் ஒன்றும் பிரமாதம் இல்லை, ஆனால் எந்த ஸ்வரத்தில் சாய வேண்டும் என்று அதில் தெளிவாகத் தெரியும்.

பென்சில் விஷயத்தில் மட்டும் அவர் கறார். பென்சில் இல்லாமல் வந்தால் ஒத்திகைக்கு வந்ததாகவே கணக்கில்லை. எங்கள் தாள்கள் எங்களுக்கு முன்னால் பல செமஸ்டர்கள் உழைத்தவை. வில்லை இழுக்க வேண்டிய இடம், தள்ள வேண்டிய இடம், அழித்து மாற்றிய தடம் எல்லாம் அவற்றில் இருக்கும். என் தாளில் இரண்டாம் பகுதியின் ஒரு திருப்பத்துக்கு மேல் யாரோ ஒரு மூக்குக்கண்ணாடி வரைந்திருக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் உலகம் முழுக்கப் போடும் அடையாளம் அது: இங்கே தலையைத் தூக்கிக் கண்டக்டரைப் பார். வரைந்தவர் இப்போது எங்கோ வேலையில் இருப்பார். அந்தக் கண்ணாடியை நான் அழிக்கவில்லை, அந்த இடத்தில் பார்க்கத்தான் வேண்டியிருக்கிறது.

ஒத்திகை முடிந்து நாங்கள் நகர மையம் வழியாக நடப்போம். கத்தரினன் தெருவில் சிம்மர்மான் காபிக்கடை இருந்த இடத்தை ஒரு தடவை கண்டக்டர்தான் காட்டினார். பழைய கட்டடம் 1943 டிசம்பர் குண்டுவீச்சில் போய்விட்டது. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அது குலதெய்வம் கோயில் இருந்த இடம் மாதிரி. பின்னாளில் புகழ்பெற்ற இசையமைப்பாளரான டெலமான் 1701இல் இந்த ஊருக்கு வந்தது சட்டம் படிக்க. வந்த கொஞ்ச நாளிலேயே மாணவர்களைச் சேர்த்து ஓர் இசைக்குழு ஆரம்பித்துவிட்டார். சில சமயம் நாற்பது பேர் வரை வாசித்தார்கள் என்று அவரே எழுதிவைத்திருக்கிறார். தேவாலய இசைக்குப் பொறுப்பாளராக இருந்த குனாவ், மாணவர்களெல்லாம் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள் என்று நகர மன்றத்தில் புகார் செய்யும் அளவுக்கு டெலமானிடம் ஈர்ப்பு இருந்தது.

அந்தக் குழுவைத்தான் 1729இல் பாக் ஏற்றார். ஆமாம், மாபெரும் இசையமைப்பாளரான அதே யோகான் செபாஸ்டியன் பாக். தாமஸ் தேவாலயத்தின் வேலையையும் வைத்துக்கொண்டே, நடுவில் ஒரு சிறு இடைவெளி விட்டு, பத்து வருஷத்துக்கு மேல் இந்த மாணவர் குழுவை நடத்தியிருக்கிறார். குளிர்காலத்தில் வெள்ளிக்கிழமை இரவு எட்டிலிருந்து பத்து வரை காபிக்கடையில், கோடையில் ஊருக்கு வெளியே தோட்டத்தில் புதன்கிழமை நாலிலிருந்து ஆறு வரை. வணிகச் சந்தை நடக்கும் வாரங்களில் இரண்டு தடவை. அவருடைய மூத்த மகன்கள் இருவரும் இந்தப் பல்கலைக்கழகத்தில் சட்ட மாணவர்களாகப் பதிவு செய்தவர்கள். பியானோவுக்கு முந்தைய விசைப்பலகை வாத்தியமான ஹார்ப்சிகார்டு நான்குக்கு பாக் எழுதிய கச்சேரி இசை, இத்தாலிய இசையமைப்பாளர் விவால்டி நான்கு வயலின்களுக்கு எழுதியதிலிருந்து மாற்றியது, அப்பாவும் பிள்ளைகளும் மாணவர்களுமாகச் சேர்ந்து இந்தக் கடையில்தான் பெரும்பாலும் வாசித்திருக்க வேண்டும்.

பாக் எப்படி நடத்தினார் என்பதற்கு நேரில் பார்த்தவர் சாட்சியே இருக்கிறது. தாமஸ் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த கெஸ்னர் 1738இல் ஒரு லத்தீன் நூலின் அடிக்குறிப்பில் எழுதியிருக்கிறார். முப்பது நாற்பது பேருக்கு நடுவில் ஒருவருக்குத் தலையசைப்பு, இன்னொருவருக்குக் காலால் தட்டு, மூன்றாமவருக்கு விரலை உயர்த்தி எச்சரிக்கை, சுருதி தவறியவருக்குக் குரலில் ஸ்வரம் எடுத்துக் கொடுப்பது, இத்தனையையும் செய்துகொண்டே தன் பங்கையும் வாசிப்பது. இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஆள் ஓபோ பகுதியைப் பாடியதுதான் ஞாபகம் வந்தது. பாக் வயலினைக் கையில் வைத்துக்கொண்டு நடத்தியபோது குழு இன்னும் கட்டுக்கோப்பாக இருந்தது என்று மகன் கார்ல் பிலிப் எமானுவேலும் சொல்லியிருக்கிறார். கண்டக்டர் ஆட்டும் பேட்டன் என்ற குச்சி பரவலானதெல்லாம் அடுத்த நூற்றாண்டில்தான்.

மாணவர் இசைக்குழு என்றால் ஏதோ தொழில்முறைக் குழுவின் அரைகுறை நகல் என்று நினைக்கிறவர்களுக்கு நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன். இந்த ஊரில் ஊராருக்கான கச்சேரி என்ற பழக்கத்தை வேரூன்ற வைத்தவர்களில் சட்டமும் இறையியலும் படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பெரிய பங்கு உண்டு. உலகப் புகழ்பெற்ற கெவாண்ட்ஹவுஸ் ஆர்க்கெஸ்ட்ராவின் வரலாறு 1743இல் வணிகர்கள் பணம் போட்டு ஆரம்பித்த கச்சேரியிலிருந்து எண்ணப்படுகிறது. மாணவர் குழுக்கள் அதற்கும் நாற்பது வருஷம் மூத்தவை.

சரி, கச்சேரிக்கு வருகிறேன். ஒரு தேவாலயத்தில், நுழைவு இலவசம், போகும்போது விருப்பப்பட்டதைப் பெட்டியில் போடலாம். எதிரொலி நீளமாக இருந்ததால் மதியம் நடந்த கடைசி ஒத்திகையில் வேகத்தைச் சற்றுக் குறைத்தார், குட்டை ஸ்வரங்களை இன்னும் குட்டையாக்கச் சொன்னார். வேறு எதையும் தொடவில்லை.

இரண்டாம் பகுதி ஆண்டான்டே, அதாவது நிதான நடை. வயலின்கள் எல்லாம் மியூட் (ஒலியை மட்டுப்படுத்தும் சின்னக் கவ்வி) போட்டு வாசிக்க வேண்டும், ஒலி துணி போர்த்தியது போல மெத்தென்று வரும். அதில் பாதிக்கு மேல் போன பிறகு கண்டக்டர் கையை இறக்கிவிட்டார். பேட்டனை ஸ்டாண்டில் வைத்துவிட்டு எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எந்த ஒத்திகையிலும் அப்படிச் செய்ததில்லை. யாரும் பதறவில்லை. முதல் வயலின் தலைவியின் தோள் மூச்சில் அசைவதைப் பார்த்தோம், வயோலாவைக் கேட்டோம், இசை போய்க்கொண்டே இருந்தது. கடைசிச் சில அளவுகளுக்கு முன்னால் மியூட்டைக் கழற்ற வேண்டிய இடம் வரும். மோட்சார்ட் அதற்குக் கொடுத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. அதையும் சமாளித்து, முழுச் சத்தத்தில் அந்த முடிவு வந்தபோது அவர் கை மறுபடி மேலே இருந்தது.

அத்தைக்கு மீதிப் பதில் அந்தச் சில நிமிஷங்கள்தான். அவர் அந்தக் குளிர்காலம் முழுக்கச் செய்த வேலை, ஒத்திகை அறையில் நான்கு அளவுகளுக்கு முக்கால் மணி நேரம், இடம் மாற்றி உட்கார வைத்தது, பென்சில், பாட்டு, எல்லாம் அதில் கேட்டது. பதிவை அத்தைக்கு அனுப்பினேன். முழுவதும் கேட்டிருக்கிறார். "நடுவில கொஞ்ச நேரம் அவர் சும்மா நின்னாரே, அப்போதான் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

இந்த அக்டோபரில் செக் இசையமைப்பாளர் டுவோர்ஷாக் தந்தி வாத்தியங்களுக்கு மட்டும் எழுதிய செரினேட் என்ற இசையை எடுக்கிறோம். 1875 மே மாதத்தில் இரண்டு வாரத்துக்குள் அவர் எழுதி முடித்தது. வால்ட்ஸ் பகுதியை நான் இப்போதே வீட்டில் வாசித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டேன், பக்கத்து அறைக்காரர் பொறுத்துக்கொள்கிறார். செல்லோவில் இருவரும் முதல் வயலினில் மூவரும் படிப்பு முடிந்து கிளம்பிவிட்டார்கள். வயோலாவுக்கு எப்போதும் போல ஆள் தேவை. லைப்சிக், ஹாலே பக்கம் படிக்க வரும் நம் பிள்ளைகள் யாராவது நோட்டுப் பார்த்து வாசிப்பார்கள் என்றால், வயலின்காரராக இருந்தாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள். வாத்தியம் இரவல் வாங்கித் தருகிறோம், வயோலா நோட்டில் ஸ்வர இடங்களைக் குறிக்கும் 'கிளெஃப்' அடையாளம் வேறு, அதைப் படிக்கச் சில வாரங்களில் பழகிவிடும். பென்சில் மட்டும் நீங்கள் கொண்டுவர வேண்டும்.