படைப்பு வீட்டில் சாப்பிட வருவது யார்?

செத்த பிறகு என்ன நடக்கும் என்று செட்டிநாட்டில் கேட்டால் உறுதியாகக் கிடைக்கிற பதில் ஒன்றுதான்: வீட்டுக்குப் பங்கு கூடும். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடு. ஒருவர் போனால் அவர் பங்கு மூன்று பிள்ளைகளுக்குப் பிரியும், அவர்களும் போனால் ஏழெட்டுப் பேருக்குப் பிரியும், கடைசியில் வளவில் ஒரு தூணும் அரை அறையும் மட்டும் சொந்தமாக வைத்திருக்கும் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பார், வெள்ளையடிக்க அவரிடம் சம்மதம் கேட்டு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். இதில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது (வழக்கு உண்டு, அது வேறு). ஆனால் செத்தவருக்கு என்ன ஆகிறது என்று கேளுங்கள், எங்கள் ஒரு வீட்டிலேயே ஆளுக்கொரு பதில் வரும்.

இத்தனை நாள் கேட்டதில் எனக்குப் பிடிபட்டது, பதில் சொல்கிற யாருமே தன் பதிலுக்கு ஒத்தபடி நடந்துகொள்வதில்லை என்பது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எனக்குப் பிடித்திருப்பதே அதுதான்.

அப்பத்தாவுக்குச் சந்தேகமே கிடையாது. செத்தவர்கள் எங்கேயும் போய்விடவில்லை, படைப்பன்றைக்கு வந்து சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். வெளியூர்க்காரர்களுக்குப் படைப்பு என்றால் தெரியாது என்பதால் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் வீடுகளில் பங்காளிகள் ஒன்றுகூடி முன்னோருக்குச் செய்கிற சடங்கு அது. வீட்டுக்கு வீடு முறை மாறும், சிலருக்கு வருசா வருசம், சிலருக்குச் சில வருசத்துக்கு ஒருமுறை. செலவுக்குப் புள்ளிக் கணக்கில் வரி போடுவார்கள். கல்யாணமான ஒரு ஜோடி ஒரு புள்ளி, அதில் ஒருவர் போய்விட்டால் மீதி இருப்பவர் அரைப்புள்ளி. சாவு முதலில் பதிவாவது அந்த நோட்டில்தான் என்று சொல்லலாம். முன்னோருக்கு வேட்டி சேலை வைத்து, சமைத்துப் படைத்து, கும்பிட்டுவிட்டு, படைத்த சேலைகளை எங்கள் பங்காளிகளுக்குள் ஏலம் விடுவார்கள்.

போன படைப்புக்குச் சேலை எடுக்க அப்பத்தாவோடு நான்தான் போனேன். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை, எனக்குக் கார் ஓட்டத் தெரியும் என்பதால் கூப்பிட்டார்கள். காரைக்குடியில் வழக்கமான கடை. கடைக்காரர் கண்டாங்கிச் சேலைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறார், அப்பத்தா ஒவ்வொன்றாகத் தள்ளுகிறார். நல்ல இலைப்பச்சையில் அரக்குக் கரை போட்ட ஒன்றைப் பார்த்து "அவளுக்கு இது ஆகாது" என்றார். யாருக்கு என்று கேட்டேன். "எங்க மாமியாளோட மாமியாளுக்கு." அப்பத்தா அந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வருவதற்கு முன்பே இறந்துபோனவர் அவர். அப்புறம் எப்படித் தெரியும் என்றால், "எங்க மாமியா சொன்னாக, பச்சைன்னா அவளுக்குக் கோவம் வரும்னு." கடைசியில் மஞ்சளில் ஒன்று தேறியது. அதன் முந்தானை ஓரத்தை எச்சிலில் நனைத்து, வேட்டி கட்டியிருந்த கடைக்காரரின் முழங்கால் மேலேயே தேய்த்துப் பார்த்தார், அவர் பாவம் ஒன்றும் சொல்லவில்லை. "சாயம் போச்சுன்னா அவ என்ன பேச்சுப் பேசுவா தெரியுமா?" ஒரு புகைப்படம்கூட இல்லாத ஒரு பெண்ணுக்கு என்ன நிறம் பிடிக்காது என்பது மட்டும் இத்தனை பேர் வாய் கடந்து அந்தக் கடைவரை வந்து நிற்கிறது.

அப்பச்சி (எங்கள் அப்பா) வேறு கட்சி. சைவ சித்தாந்தத்தை ஒழுங்காகப் பாடம் கேட்டுப் படித்தவர். உயிருக்கு அழிவில்லை, உடம்புதான் மாறுகிறது, வினை தீரும்வரை பிறவி தொடரும் என்பது அவர் பக்கம். வட்டிக்கடைப் பரம்பரை என்பதால் அதைப் பேரேட்டுக் கணக்காகவே சொல்வார். பல பிறவியாகச் சேர்ந்து கிடக்கிற மொத்தக் கடன் சஞ்சிதம், அதில் இந்தப் பிறவியில் அடைப்பதற்கென்று எடுத்து வைத்த தவணை பிராரத்தம், அடைக்க வந்த இடத்தில் நாம் புதிதாக வாங்குகிற கடன் ஆகாமியம். கடைசிவரை நாம்தான் அடைக்க வேண்டுமா என்றால் இல்லை, பக்குவம் வந்தால் இறைவன் அருளால் மிச்சம் தள்ளுபடி. அப்போதும் உயிர் சிவமாகிவிடாது, சிவத்தோடு பிரியாமல் இருந்து இன்பம் அனுபவிக்கும். காரைக்குடியில் இருந்து ஒரு பக்கம் பஸ் ஏறினால் இதைச் சொல்லும் குன்றக்குடி ஆதீனம், இன்னொரு பக்கம் போனால் வேதாந்தம் சொல்லும் கோவிலூர் மடம். கோவிலூர்க்காரர்களைக் கேட்டால், பிறக்காத ஒன்று எங்கே சாகும், உண்மை தெரிந்தவனுக்குப் போக வேறு இடம் ஏது என்பார்கள். அப்பச்சிக்கு அது ஒத்துவராது. இரண்டு பக்கமும் சாதுவான ஆட்கள், ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் மத்தியானச் சாப்பாடு ஆறிப்போகும்.

காசி விசயத்தில் மட்டும் எல்லோரும் ஒன்று. அங்கே செத்தால் கடைசி நேரத்தில் சிவனே காதில் மந்திரம் ஓதி முக்தி கொடுப்பார் என்பது நம்பிக்கை, அங்கே நகரத்தார் சத்திரமும் இருக்கிறது, விசுவநாதர் பூசைக்கு அங்கிருந்து தினமும் சாமான் போகிறது. எங்கள் ஐயாவின் (தாத்தாவின்) அண்ணன் ஒருவர் காசியில் போய்த்தான் சாவேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார், அங்கே போய் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு தேறித் திரும்பி வந்துவிட்டார். அதற்கப்புறம் பல வருசம் இருந்தார், காசிப் பேச்சே எடுக்கவில்லை.

சரி, அப்பச்சியிடம் நான் கேட்டது இதுதான். அந்தப் பச்சை பிடிக்காத அம்மா இந்நேரம் எங்கேயோ பிறந்து வளர்ந்து, பச்சைச் சேலை உடுத்திக்கொண்டு திரிந்தால், இங்கே படைக்கிறதை வந்து சாப்பிடுவது யார்? பித்ரு தேவதைகள் வாங்கி அந்த உயிர் எங்கே இருக்கிறதோ அங்கே சேர்ப்பார்கள் என்று முறையான பதிலைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் கழித்து, "எங்க அப்பத்தா கையால நான் சாப்பிட்டிருக்கேன்ல ஆத்தா" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எங்கள் தெருமுனையில் தையல்கடை வைத்திருக்கும் பாய், கபரில் (புதைகுழியில்) வைத்த பிறகு இரண்டு மலக்குகள் (வானவர்கள்) வந்து கேள்வி கேட்பார்கள் என்கிறார். உன் இறைவன் யார், உன் மார்க்கம் எது, உன் நபி யார். பதில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், ஆனால் படித்து வைத்த பதில் அங்கே வாயில் வராது, வாழ்ந்த லட்சணம்தான் வரும் என்றார் ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டே. என்னோடு வேலை பார்க்கும் தேவகோட்டை டீச்சர் கத்தோலிக்கர். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையை வெள்ளையடித்து, பூப்போட்டு, மெழுகுவத்தி ஏற்றி, உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது பாவம் கழிகிற இடத்தில், இருக்கும் ஆத்துமாக்களுக்காகப் பூசை வைப்பார். அவர் தங்கை பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்டார், செத்தவர்களுக்காக ஜெபிப்பதே தவறு என்பார். ஆனாலும் அன்றைக்கு அக்காவை ஸ்கூட்டியில் கல்லறைக்குக் கூட்டி வருவது தங்கைதான், உள்ளே வராமல் வாசலில் நின்று போன் பார்த்துக்கொண்டிருப்பார். வாளியும் சுண்ணாம்பும் அவர் வண்டியில்தான் வரும்.

இந்த விசயம் எவ்வளவு பழையது என்று பார்க்க நாம் தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் சிவகங்கை மாவட்டத்திலேயே, கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில், முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்தார்கள், எலும்போடு சின்னச் சின்ன மண்கலயங்களும் கிடைத்தன. 2023ல் திறந்த கீழடி அருங்காட்சியகத்தைச் செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள். அப்பத்தாவைக் கூட்டிப்போனபோது தூண்களைத் தொட்டுப் பார்த்துவிட்டு "இதுக்கு எத்தனை பங்கு?" என்று கேட்டார். தாழியையும் கலயத்தையும் பற்றி நான் சொன்னதும் அவருக்கு ஆச்சரியமே இல்லை. "கலயத்துல என்ன வச்சாக?" என்பது மட்டும்தான் கேள்வி. அந்த மனிதர்கள் மறுபிறவியை நம்பினார்களா, வேறு உலகத்தை நம்பினார்களா என்று எந்தத் தாழியிலும் எழுதி வைக்கவில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனசு வரவில்லை என்பது மட்டும் தெரிகிறது.

யார் எதை நம்பினாலும் எனக்குச் சண்டையில்லை என்று இதுவரை எழுதியதைப் பார்த்தால் தோன்றும். சண்டை உண்டு. எங்கள் சின்னாத்தா (அம்மாவின் தங்கை) மகன் பதினெட்டு வயதில் பைக் விபத்தில் போனான். கேத வீட்டில் சின்னாத்தாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு ஒருவர், "பெத்தவ போன பிறவியில என்ன பண்ணாளோ" என்று ஆரம்பித்தார், இன்னொருவர் "அவன் கணக்கு அவ்வளவுதான்" என்றார். கணக்கு என்று ஒன்று இருந்தால் அதைத் தன் தலைக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்தவள் பிள்ளை கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது அவளுக்கு எடுத்துப் படித்துக் காட்டுவதற்குப் பெயர் பக்தி என்று என்னால் சொல்ல முடியாது, வக்கிரம் என்றுதான் சொல்வேன். அப்பச்சி படித்த சாத்திரமும் ஏறத்தாழ அதையேதான் சொல்கிறது, ஆனால் அன்று முழுக்க அவர் வாயைத் திறக்கவில்லை, சின்னாத்தா வீட்டுக்காரரின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு பேரையும் அடக்கியது அப்பத்தா. "வாய மூடிக்கிட்டுக் காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்க."

சின்னாத்தா அதுவரை எதையும் பெரிதாக நம்பியவர் இல்லை. மறு வருசம் அவருடைய மூத்த மகளுக்குப் பையன் பிறந்ததும், குழந்தையின் இடது காதை மடக்கிப் பின்பக்கம் பார்த்தார். இறந்தவனுக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு. குழந்தைக்கு இல்லை. அப்படியும், வந்துவிட்டான் என்றுதான் இன்றுவரை சொல்கிறார். எங்கள் அம்மான், பள்ளத்தூர்க்காரர், ஆத்தாவுக்கும் (எங்கள் அம்மாவுக்கும்) சின்னாத்தாவுக்கும் ஒரே தம்பி, அசல் நாத்திகர், குழந்தையைப் பார்க்கப் போனபோது சின்னாத்தா அவரிடம் "அவன் மாதிரியே இல்லடா?" என்று கேட்டார். நான் பயந்துபோய் அம்மான் முகத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து நிதானமாகப் பார்த்துவிட்டு, "மூக்கு அப்படியே இருக்குக்கா" என்றார். இறந்தவன் குழந்தைக்குத் தாய்மாமன், தாய்மாமனுடைய மூக்கு மருமகனுக்கு வருவதில் அவர் கொள்கைக்கும் இடைஞ்சல் இல்லைதான்.

என்னைக் கேட்டால், பிறப்பதற்கு முன்பு நான் எங்கே இருந்தேனோ அதுதான் செத்த பிறகும், அதாவது எங்கேயும் இல்லை. அதில் பயமும் இல்லை. ஆனால் எங்கள் வழக்கப்படி கல்யாணமானதும் பெண் கணவன் வீட்டுக் கோவிலுக்கும் பங்காளிக்கும் போய்விடுகிறாள். நான் செத்தால் எனக்குச் சேலை வைத்துப் படைப்பது அவர் வீட்டில், என் பிறந்த வீட்டில் இருந்து கோடிச் சேலை ஒன்று வரும், அத்தோடு அந்த வீட்டுக்கும் எனக்கும் சரி. அப்பத்தாவும் அப்பச்சியும் ஒரு படைப்பில், நான் வேறு படைப்பில். எங்கேயும் இருக்கப்போவதில்லை என்று நம்புகிறவளுக்கு இது ஏன் உறுத்த வேண்டும்? ஆனால் உறுத்துகிறது.

அம்மான் அந்த வகையில் தெளிவு. அவருடைய அப்பச்சி காரைக்குடி இராம. சுப்பையாவின் சுயமரியாதைக் கூட்டங்களை நேரில் கேட்டவர், வீட்டில் அந்தக் காற்று உண்டு. சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுக்க எழுதி வைத்திருக்கிறார், கண்ணை ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதால் யாருக்கு முதலில் போன் செய்வது என்று பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டியும் வைத்திருக்கிறார். சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். எழுதிக் கொடுத்தால் மட்டும் போதாது ஆத்தா, அன்றைக்கு வீட்டில் இருப்பவர்கள் மனசு வைத்தால்தான் உடம்பு கல்லூரிக்குப் போகும் என்றும் சொன்னார். அப்பத்தா இதைக் கேள்விப்பட்டுக் கவலைப்பட்டார், பாவம் புண்ணியத்தைப் பற்றி இல்லை, "அப்ப நீர்மாலை எடுக்கிறதா வேண்டாமா, கோடிய எங்க கொண்டு போய்ப் போடுறது, காலேசுலயா?" (நீர்மாலை என்பது செத்தவரைக் குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வருவது.)

இதே அம்மான் தன் பங்காளிகள் படைப்புக்குப் புள்ளி வரியை ஒரு தடவைகூடத் தவறவிட்டதில்லை, சாப்பாட்டுக்கும் முதல் பந்தியில் இருப்பார். நம்பிக்கை இல்லாதவர் எதற்குக் கட்டுகிறீர்கள் என்றால், "அது வரி, நம்பிக்கை இல்ல" என்பார். நீங்கள் போன பிறகு அவர்கள் உங்களுக்கும் வேட்டி வைத்துப் படைப்பார்களே அம்மான், அதற்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"வச்சுட்டுப் போறாங்க. நான் வந்து தடுக்கவா முடியும்?"