கடை பூட்டிய பிறகு ஓடும் மீட்டர்

கடைச் செலவைக் குறைக்க உட்கார்ந்தால் கை முதலில் சம்பளப் பட்டியலுக்குத்தான் போகும். நாங்கள் அதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு மின் மீட்டரில் ஆரம்பித்தோம். இரவு பூட்டும்போது ஒரு அளவு, காலையில் திறக்குமுன் ஒரு அளவு. வித்தியாசத்தை இடைப்பட்ட மணிநேரத்தால் வகுத்தால், ஆளில்லாத கடை மணிக்கு எத்தனை யூனிட் தின்கிறது என்று தெரியும். ஒரு வாரம் குறித்தால்தான் நம்பலாம். ஒரு கிலோவாட் சுமை ஆண்டு முழுக்க அணையாமல் ஓடினால் 8,760 யூனிட்.

குளிர்பெட்டிகளின் சர்க்யூட்டைத் தொடாமல் மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி மீட்டரைப் பாருங்கள். பெயர்ப்பலகை, கிடங்கு விளக்கு, அணைக்க மறந்த ஏசி எல்லாம் அகப்படும். அவற்றுக்கு ஒரு டைமர் போதும்.

மளிகைக் கடையில் பெரிய தீனிக்காரன் குளிர்பெட்டிதான். கதவு ரப்பருக்கு இடையில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அந்த இடத்தில் குளிர் கசிகிறது. கீல் பக்க மூலைகளைப் பலர் சோதிப்பதே இல்லை. வெப்பத்தை வெளியே தள்ளும் கண்டென்சரில் படியும் தூசியை மாதம் ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தகடுகள் ஓடும் திசையிலேயே பிரஷ்ஷால் தட்ட வேண்டும். குறுக்கே தேய்த்தால் தகடு மடங்கிக் காற்று அடைபடும், சுத்தம் செய்ததே வினையாகும்.

ஃப்ரீசருக்கு மைனஸ் 18 டிகிரி போதும். இன்னும் இறக்கி வைப்பது பாதுகாப்பு இல்லை, வீண். கதவில்லாத திறந்த முகப்புப் பெட்டியில் உள்ளே குறித்திருக்கும் வரம்புக் கோட்டைத் தாண்டிச் சரக்கு அடுக்கினால், முகப்பை மூடி ஓடும் குளிர்காற்றுத் திரை உடைந்து கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடும். இரவில் முகப்பை மறைக்கும் மூடுதிரையை இழுத்துவிடுவது காசில்லாத சிக்கனம். பெட்டி சரியாகக் குளிரவில்லை என்றதும் தெர்மோஸ்டாட்டை இன்னும் குறைப்பது வழக்கமான தவறு. பல நேரம் உள்ளே குளிரூட்டும் காயிலில் பனி மூடியிருக்கும், குறைக்கக் குறைக்க அது தடிக்கும். பார்க்க வேண்டியது அந்தப் பனியை உருக்கும் டிஃப்ராஸ்ட் டைமரையும் ஹீட்டரையும்.

விளக்குக் கணக்கு எளிது. பழைய சோக்குடன் 44 வாட் இழுக்கும் குழல்விளக்குக்குப் பதில் 18 வாட் எல்இடி. 40 விளக்கு, 12 மணிநேரம் என்றால் நாளுக்குச் சுமார் 12 யூனிட் மிச்சம்.

அடுத்த ஓட்டை சரக்கு இறங்கும் வாசல். எண்ணி, எடைபோட்டு, காலாவதித் தேதி பார்த்த பிறகுதான் இன்வாய்ஸில் கையெழுத்து. குறைவு இருந்தால் அதே தாளில் எழுதி, வண்டிக்காரரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். போனில் சொன்ன குறைவுக்குக் கிரெடிட் நோட், அதாவது அந்தத் தொகையைக் கழித்துத் தரும் சீட்டு, வருவது அரிது. கெட்டுப்போனதையும் காணாமல்போனதையும் கணக்கில் ஒரே தலைப்பில் எழுதாதீர்கள். முன்னது ஆர்டர் அளவின் தவறு, பின்னது கண்காணிப்பின் தவறு. சேர்த்து எழுதினால் இரண்டுமே சரியாகாது.

இதற்குப் பிறகு சம்பளம். பில்லிங் மெஷினிலிருந்து மணிவாரியாக எத்தனை பில் என்று நான்கு வாரத்துக்கு எடுத்து, அதே மணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்தால், ஆள் அதிகம் இல்லை, நேரம்தான் தப்பு என்று பெரும்பாலும் தெரியும். ஷிஃப்ட் தொடக்கத்தை நகர்த்தி, அடுக்கும் வேலையை மந்தமான மணிகளுக்கு மாற்றினால் ஓவர்டைம் குறையும். ஆளைக் குறைத்தால் வரிசை நீளும். கூடையை அப்படியே வைத்துவிட்டுப் போன வாடிக்கையாளர் எந்தக் கணக்கிலும் ஏறமாட்டார்.