சிங்கிளா, ட்வினா: நடுச்சுவரை ஒழுங்காக்கியதும் 500 ஆர்பிஎம் முன்னால் வந்த பூஸ்ட்

நான்காவது கியர், முழு த்ராட்டில், 3600 ஆர்பிஎம்மில் 1 பார் பூஸ்ட் (டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் அழுத்தம்). அதே எஞ்சின், அதே டர்போ, அதே பெட்ரோல், இதற்கு முந்தைய லாக்கில் (ஓட்டும்போது பதிவாகும் தரவில்) இதே 1 பார் 4100-க்குத்தான் வந்தது. இடையில் மாற்றியது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களின் புகையை டர்போவுக்குக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி) குழாய்கள் கூடும் கலெக்டருக்குள் இருக்கும் நடுச்சுவரையும், அதோடு சேர்ந்த வேஸ்ட்கேட்டையும் (பூஸ்ட் மிஞ்சாமல் உபரிப் புகையை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் வால்வு) அதன் குழாய்களையும் மட்டும்தான். கம்ப்ரஸரைத் தொடவில்லை, கேம் டைமிங்கைத் தொடவில்லை, எஞ்சின் கணினியான இசியுவின் மேப்பில் இக்னிஷன் டேபிள்கூட அப்படியே இருக்கிறது. சந்தோஷம் தாங்கவில்லை, அதனால்தான் ட்யூனிங் முடிவதற்கு முன்பே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எஞ்சின் டொயோட்டாவின் 2ஜேஇசட்-ஜிடிஇ, 3 லிட்டர், நேர்வரிசை ஆறு. கம்பெனி கொடுத்த சீக்வென்ஷியல் ட்வினை (ஒன்றன்பின் ஒன்றாக வேலைக்கு வரும் இரண்டு டர்போ) ஏன் கழற்றினேன் என்று கேட்பவர்களுக்கு: கெட்ட அமைப்பு என்பதற்காக இல்லை. கீழ் ஆர்பிஎம்மில் எல்லா எக்ஸாஸ்டும் முதல் டர்போவுக்கே போய், 4000 வாக்கில் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும் அந்த ஏற்பாடு, 2000-க்குக் கொஞ்சம் மேலேயே தள்ளும் தள்ளலை நான் இன்றைக்குப் போட்டிருக்கும் எதுவும் தராது. அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆனால் அந்த வால்வுகள், அவற்றை இயக்கும் சோலனாய்டுகள், முப்பது வருடத்துக்குக் கிட்ட வெந்து இறுகிய ரப்பர் ஹோஸ்கள், இவற்றில் ஒன்று கசிந்தாலும் இரண்டாவது டர்போ நேரத்துக்கு வராது. ஜப்பான் உள்நாட்டு வண்டிகளில் வந்த சிடி20ஏ டர்போவின் டர்பைன் சக்கரம் (புகை சுழற்றும் சக்கரம்) பீங்கான் வேறு, பூஸ்ட்டை ஏற்ற ஏற்றப் பயம்தான். 500 குதிரைத்திறன் வேண்டும் என்று முடிவு செய்த பிறகு அதை வைத்துக்கொண்டு மல்லாடுவதில் அர்த்தம் தெரியவில்லை.

அப்புறம் எழுந்த கேள்விதான் உண்மையான கேள்வி: நவீன டர்போ இரண்டைப் பேரலலாக, அதாவது மூன்று சிலிண்டருக்கு ஒன்றாகப் போடுவதா, பெரியது ஒன்றைப் போடுவதா?

முதலில் காற்றுக் கணக்கு. 3 லிட்டர், 6500 ஆர்பிஎம், நான்கு ஸ்ட்ரோக் என்பதால் நிமிடத்துக்கு 9750 லிட்டர். 1.2 பார் பூஸ்ட், இன்டர்கூலருக்குப் பின் 45 டிகிரி, நிரம்பும் திறன் 95 சதவீதம் என்று வைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 22.5 கிலோ, அதாவது 50 பவுண்டுக்குக் கிட்ட. பவுண்டுக்குப் பத்துக் குதிரைத்திறன் என்ற வழக்கமான கணக்கில் 500. ஒன்றாகப் போட்டால் முழு 50-ம் அதற்கு, இரண்டாகப் போட்டால் தலைக்கு 25. இதுவரை சண்டை இல்லை.

சண்டை வருவது லேக் விஷயத்தில், அதாவது த்ராட்டிலை மிதித்த பிறகு பூஸ்ட் வர ஆகும் தாமதத்தில். சின்னச் சக்கரம் சீக்கிரம் சுற்றும், அதனால் ட்வின்தான் வேகம் என்று எல்லோரும் சொல்வார்கள். காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். ஒரே வடிவமுள்ள சக்கரங்களில் நிலைமத் திருப்புத்திறன் விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும், காற்றோட்டம் விட்டத்தின் இருமடியில் ஏறும். பாதிக் காற்றுக்கான சக்கரத்தின் விட்டம் பெரியதில் 0.71 பங்கு. ஒன்றின் நிலைமம் 0.177 பங்கு, இரண்டும் சேர்ந்தால் 0.35. ஆகா, மூன்றில் ஒரு பங்குதானே என்று இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் அதே பூஸ்ட் வேண்டுமானால் சக்கரத்தின் விளிம்பு வேகம் அதேதான் இருக்க வேண்டும், சின்னச் சக்கரம் 1.41 மடங்கு வேகமாகச் சுற்றியாக வேண்டும். ஆற்றலுக்கு அந்த வேகத்தின் இருமடி, அதாவது இரண்டு, உள்ளே வரும். மொத்தத்தில் இரண்டு சின்னச் சக்கரங்களை வேகத்துக்குக் கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றல் பெரிய ஒன்றுக்குத் தேவைப்படுவதில் 71 சதவீதம். மிச்சம் 29-தான். அந்த 29-ஐயும் முழுதாகக் கையில் வாங்க முடியாது. சின்னச் சக்கரத்தில் இறகுக்கும் கூட்டுக்கும் இடையிலான இடைவெளி விகிதத்தில் பெரிதாகிறது, இரண்டு ஜோடி பேரிங்குகளின் உராய்வு இருக்கிறது, இரண்டு கூடுகளின் பரப்பில் வெப்பம் ஓடிப்போகிறது.

பல்ஸ் விஷயத்தில், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் தள்ளும் புகையின் அழுத்த அலைகள் விஷயத்தில், நேர்வரிசை ஆறுக்கு ட்வினால் தனி லாபம் எதுவும் இல்லை, இதுதான் என் முடிவுக்கு அச்சாணி. எரியும் வரிசை 1-5-3-6-2-4. முன் மூன்று, பின் மூன்று என்று மாறி மாறி எரிகிறது. ஆறையும் ஒரே குழாயில் விட்டால் 1-ம் சிலிண்டர் தன் புகையை இன்னும் தள்ளிக்கொண்டிருக்கும்போதே 5-ம் சிலிண்டரின் வால்வு திறந்து முழு அழுத்தமும் முகத்தில் அடிக்கும். 1-2-3 தனியாக, 4-5-6 தனியாக என்று பிரித்தால் ஒவ்வொரு பக்கத்திலும் பல்ஸுகள் 240 டிகிரி இடைவெளியில் வரும், 1 மூடும் நேரத்துக்குத்தான் 3 திறக்கும். இந்தப் பிரிவினையை நிஸ்ஸானின் ஆர்பி26 எஞ்சின் இரண்டு டர்போவால் செய்கிறது, ட்வின் ஸ்க்ரோல் சிங்கிள் ஒரே கூட்டுக்குள் இரண்டு சுருளால் செய்கிறது. பிஎம்டபிள்யூ 2006-ல் என்54-ல் இரண்டு சின்ன டர்போ வைத்து, 2009-ல் என்55-ல் ட்வின் ஸ்க்ரோல் ஒன்றுக்கு வந்தபோதும் சக்தி அதே 306 குதிரைத்திறன், டார்க் அதே 400 நியூட்டன் மீட்டர். ஆனால் 2014 எம்3-ன் எஸ்55-ல் மறுபடி இரண்டு வைத்தார்கள். 7000-ஐத் தாண்டியும் மூச்சு முட்டாமல் ஓட வேண்டும் என்றால் அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. வி வடிவ எஞ்சினாக இருந்தால் நானும் யோசிக்காமல் பக்கத்துக்கு ஒன்று போட்டிருப்பேன், குழாயை எஞ்சினைச் சுற்றிக் கொண்டுபோவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஆக, சிங்கிள். போர்க்வார்னரின் இஎஃப்ஆர் 8374, டி4 அளவு ஃப்ளாஞ்ச் (மேனிஃபோல்டில் மாட்டும் தட்டு), ட்வின் ஸ்க்ரோல், டர்பைன் கூட்டின் அளவைச் சொல்லும் ஏ/ஆர் 1.05. 500-க்கு இது கொஞ்சம் தாராளம் என்று தெரியும், அடுத்த கட்டத்துக்காக எடுத்தது. ஒரு எண்ணெய் லைன், ஒரு ட்ரெயின், ஒரு ஜோடி தண்ணீர் லைன். ட்வினில் இவை எல்லாமே இரட்டை, கசிவைத் தேடும் வேலையும் இரட்டை.

இப்போது அந்தச் சுவர்.

ட்வின் ஸ்க்ரோல் என்று எழுதி விற்ற மேனிஃபோல்ட்தான் வாங்கினேன். ஃப்ளாஞ்ச் பக்கத்தில் இருந்து பார்த்தால் இரண்டு ஓட்டை, நடுவில் சுவர், எல்லாம் பார்க்க ஒழுங்காகவே இருந்தது. முதல் லாக்கில் 4100 வந்ததும் இந்த டர்போவுக்கு இது பொருந்தவில்லையே என்று கழற்றினேன். இருட்டில் ஒரு பக்கத்து ரன்னருக்குள் (சிலிண்டரில் இருந்து வரும் குழாய்) டார்ச்சை வைத்து மறுபக்கத்து ரன்னர் வழியாகப் பார்த்தால் உள்ளே வெளிச்சம். சுவர் ஃப்ளாஞ்சின் தடிமன் வரைக்கும்தான் இருந்தது, அதற்குப் பின்னால் குழாய்கள் கூடும் இடத்தில் விரல் நுழையும் அளவுக்குத் திறந்து கிடந்தது. போதாததற்கு ஒற்றை வேஸ்ட்கேட், அதன் குழாய் இரண்டு பக்கத்தையும் ஒன்றாக இணைத்துப் போகிறது. கேட் மூடியிருக்கும்போதும் அந்தக் குழாய் வழியாக 1-க்கும் 5-க்கும் நடுவே பாதை எப்போதும் திறந்தே இருக்கும். இதைப் போய் ட்வின் ஸ்க்ரோல் என்று விற்பது அநியாயம். விற்றவரிடம் படம் அனுப்பிக் கேட்டதற்கு எல்லாருக்கும் இப்படித்தான் தருகிறோம் என்று பதில் வந்தது.

ஃப்ளாஞ்சை வெட்டி எடுத்தோம். 3 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுத் தகட்டை கலெக்டரின் உள் வளைவுக்கு அட்டை வைத்து அளவெடுத்து வெட்டி, குழாய்கள் கூடும் கவட்டு வரைக்கும் கொண்டுபோய், உள்ளே ஆர்கான் ஓடவிட்டு டிக் வெல்டிங் செய்தோம். இப்படி உள்ளே ஆர்கான் விடாமல் வெல்டிங் செய்தால் மறுபக்கம் வெல்ட் கருகிப் பொருக்குத் தட்டும், அந்தப் பொருக்கு உதிர்ந்து நேராக டர்பைனுக்குள் போகும், அதனால் ஆர்கானில் கஞ்சத்தனம் கூடவே கூடாது. ரொம்ப யோசித்த இடம் சுவரின் முனை. நடுச்சுவருக்கு இரண்டு பக்கமும் நெருப்பு, வெளிச்சுவருக்கு ஒரு பக்கம் காற்று. நடுச்சுவர்தான் அதிகமாக நீளும், நீள இடம் இல்லாவிட்டால் வெல்ட் ஓரத்தில் விரிசல் விடும். வார்ப்பிரும்பு டர்பைன் கூடுகளிலேயே அந்த நாக்கில் விரிசல் விழுவதைப் பழைய டர்போ கழற்றியவர்கள் பார்த்திருப்பீர்கள். அதனால் முனையை ஃப்ளாஞ்ச் முகத்துக்கு அரை மி.மீ. உள்ளே நிறுத்தி, விளிம்பை உருட்டிவிட்டேன். அந்த அரை மி.மீ. இடைவெளியில் கொஞ்சம் கசியும்தான். விரிசல் விட்டு ஒரு துண்டு பெயர்ந்து டர்பைனுக்குள் போவதைவிட அது பரவாயில்லை. வெல்டிங் சூட்டில் ஃப்ளாஞ்ச் வளைந்திருந்தது, மில்லிங்கில் கொடுத்து முகத்தைச் சமன் செய்த பிறகுதான் நடுப்பட்டை உள்ள கேஸ்கெட் முழுதாக உட்கார்ந்தது.

சோதனை முக்கியம். டர்போ மாட்டிய பிறகு இதைச் சோதிக்க வழியே இல்லை, ஏனென்றால் இரண்டு சுருளும் டர்பைன் சக்கரத்தில் எப்படியும் சந்திக்கின்றன. மேனிஃபோல்டைத் தனியாக மேசையில் வைத்து, டி4 முகத்தில் தடித்த ரப்பர் ஷீட்டும் அதன் மேல் எஃகுத் தகடும் போட்டு இறுக்கி, ஒரு பக்கத்து மூன்று ரன்னரையும் கேட் குழாயையும் அடைத்து, லீக்டவுன் டெஸ்டரில் (காற்று கொடுத்துக் கசிவை முள்ளில் காட்டும் கருவி) இருந்து அரை பார் காற்று கொடுத்தேன். அழுத்தி இறுக்கும்போது ரப்பர் பிதுங்கி அந்த அரை மி.மீ. இடைவெளியையும் அடைத்துவிடுவதால் வெல்டின் தரம் மட்டும் தெரியும். முதலில் மெல்லிய சீற்றம், மறுபக்கத்து ரன்னரில் காதை வைத்தால் கேட்டது. கவட்டில் ஒரு ஊசி ஓட்டை. அதை அடைத்த பிறகு முள் அசையவில்லை. இந்த டெஸ்டர் இல்லாதவர்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சிலிண்டருக்கு மட்டும்தான் பயன்படும் என்று நினைத்துக்கொண்டிருந்தால் பாதி வேலைக்கு அதை உபயோகிக்கவே இல்லை என்று அர்த்தம்.

கேட் இப்போது இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, குழாய்கள் எங்கேயும் சேர்வதில்லை. இதில் ஒரு நுணுக்கம்: இரண்டிலும் ஒரே ஸ்பிரிங் போட்டாலும் ஒரே அழுத்தத்தில் திறக்கும் என்று நம்ப வேண்டாம். ரெகுலேட்டரில் காற்று கொடுத்துப் பார்த்தால் ஒன்று 0.62-ல் அசைந்தது, மற்றது 0.70-ல். ஷிம் வைத்துச் சரி செய்தேன். முன்னால் திறக்கும் பக்கத்து மூன்று சிலிண்டருக்கும் மற்ற மூன்றுக்கும் பின்னழுத்தம் மாறினால் கலவையும் மாறும், கலவையை அளக்கும் லாம்ப்டா சென்சார் ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு அதைக் கண்டுபிடிக்க முடியாது. பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் சோலனாய்டில் இருந்து டி இணைப்பு வரைக்கும் ஒரு ஹோஸ், அங்கிருந்து இரண்டு கேட்டுக்கும் ஒரே நீளத்தில் ஹோஸ்.

ஹோஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. எண்ணெய் ட்ரெயினுக்குப் பின்னல் ஹோஸ் வாங்கினால் உள் குழாய் டெஃப்ளானா என்று கேட்டு வாங்குங்கள், ரப்பர் உள் குழாய் இந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் நிலைக்காது. குழாய்களின் ஃப்ளாஞ்சுகளைச் சுற்றி இறுக்கும் வி-பேண்ட் கிளாம்ப்பும் அப்படித்தான், ஆண்-பெண் பொருத்தமுள்ள ஃப்ளாஞ்சாக இருந்தால் மட்டும் வாங்குங்கள். தட்டை முகம் உள்ளதில் ஒவ்வொரு முறை கழற்றி மாட்டும்போதும் கசிவைத் தேட வேண்டியிருக்கிறது, அதை விற்கும் கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும் கேட்காதீர்கள்.

இன்னும் 1 பாரில்தான் ஓட்டுகிறேன். 1.2-க்கு ஏற்றினால் க்ளட்ச் தாங்குமா என்று சந்தேகம், புது க்ளட்ச் வருவதற்குள் மனசு எத்தனால் எரிபொருளுக்குப் போய்விட்டது. இன்ஜெக்டர் அளவு பார்த்து வைத்தாகிவிட்டது. அதற்கு முன்னால் இரண்டு கேட் குழாயிலும் ஒவ்வொரு அழுத்த சென்சார் வைக்கப் போகிறேன், சூடு சென்சாரைத் தின்னாமல் இருக்க மெல்லிய எஃகுக் குழாயைச் சுருட்டி நீளமாக விட்டு. பூஸ்ட் 1.2 இருக்கும்போது டர்பைனுக்கு முன்னால் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது, இரண்டு பக்கமும் சமமா என்று பார்த்தால்தான் 1.05 கூடு போதுமா என்று தெரியும். நேர்வரிசை ஆறில் பேரலல் ட்வின் வைத்திருப்பவர்கள் யாராவது இதே மாதிரி இரண்டு பக்கமும் அளந்திருந்தால் லாக்கை அனுப்புங்கள், ஒரே வரைபடத்தில் போட்டுப் பார்த்துவிடலாம்.