மணக்குடிக் கடலிலிருந்து மகேந்திரகிரி

கன்னியாகுமரிக்கு அஸ்தமனம் பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் மேற்கே பார்த்து நிற்கிறார்கள். சூரியன் முங்கியதும் ஒரு ஆரவாரம், சிலர் கைதட்டுவார்கள், அப்புறம் கூட்டம் அப்படியே சிப்பிக் கடைகள் பக்கம் திரும்பிவிடும். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்த எனக்கு இது சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகிய காட்சி. போன மாசியில் மணக்குடியிலிருந்து ஒரு வள்ளத்தில் கடலுக்குள் போய் அதே அஸ்தமனத்தைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஊருக்கு வருகிற எல்லாரிடமும் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: அஸ்தமனத்தில் பாதிதான் மேற்கே நடக்கிறது. மீதிப் பாதி வடக்கே, மலையில்.

விவேகானந்தர் பாறைக்குப் போகும் பூம்புகார் கப்பல் கழகப் படகில் இதைப் பார்த்துவிடலாமே என்று நினைக்கலாம். முடியாது. அந்தச் சேவை வழக்கமாக மாலை நான்கு மணியோடு முடிந்துவிடும். பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 2024 டிசம்பர் கடைசியில் திறந்த கண்ணாடிப் பாலத்தில் நடந்துவிட்டு வரலாம், அது அழகுதான். ஆனால் சூரியன் சிவக்கும் நேரத்தில் நீங்கள் கரைக்கு வந்து சேர்ந்திருப்பீர்கள்.

என் பள்ளிக்கூட நண்பன் ஒருவன் கீழமணக்குடிக்காரன். அவன் சித்தப்பா இன்றைக்கும் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர். "பிள்ளையள கூட்டிட்டு வா மக்கா, ஒரு நாள் சாயங்காலம் நம்ம வள்ளத்துல போவம்" என்று அவர் ரொம்ப நாளாகச் சொல்லிக்கொண்டே இருந்தார். மாசிப் பௌர்ணமியை ஒட்டி எனக்கு விடுமுறை அமைந்தது. மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மணக்குடி தெரியாதவர்களுக்கு: பழையாறு கடலில் சேருகிற இடம் அது. மலையில் பிறந்து, நாஞ்சில் நாட்டு வயல்களுக்குப் பாய்ந்து, நாகர்கோவிலையும் சுசீந்திரத்தையும் தொட்டு வருகிற ஆறு இங்கே அகன்று காயலாக நிற்கிறது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் மேலமணக்குடி, அந்தப் பக்கம் கீழமணக்குடி. கரையோரம் அலையாத்தி மரங்கள். கொஞ்சம் தள்ளிப் புத்தளம், சாமித்தோப்பு உப்பளங்கள். காலம் ஒத்துவந்தால் அங்கே பூநாரைகளைப் பார்க்கலாம். இரண்டு ஊரையும் இணைக்கும் பாலத்துக்கு லூர்தம்மாள் சைமன் பெயர் வைத்திருக்கிறார்கள். காமராசர் அமைச்சரவையில் மீன்வளத்தைக் கவனித்தவர் அவர். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமி இங்கே இருந்த பழைய பாலத்தை உடைத்துத் தூக்கிப் போட்டது. குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி என்று இந்தக் கரையில் அன்று செத்துப்போனவர்களை நினைக்காமல் யாரும் இங்கே படகு ஏறுவதில்லை. சித்தப்பா வள்ளத்தைத் தள்ளுவதற்கு முன் ஆலயத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

பொழி, அதாவது ஆறு கடலில் சேருகிற வாய், திறந்திருந்ததால் ஆற்றிலிருந்தே கடலுக்குப் போக முடிந்தது. ஆனால் அந்த வாயைத் தாண்டுவதுதான் பயணத்திலேயே நெஞ்சு அடிக்கிற இடம். ஆற்றுத் தண்ணீர் வெளியே தள்ளுகிறது, அலை உள்ளே தள்ளுகிறது, இரண்டும் மோதுகிற இடத்தில் தண்ணீர் நிலையில்லாமல் துள்ளுகிறது. சித்தப்பா இன்ஜினை மெல்ல உறுமவிட்டு, வள்ளத்தை அதே இடத்தில் நிறுத்திப் பிடித்துக்கொண்டு கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பெரிய அலை வந்தது. போகவில்லை. அடுத்தது அதைவிடப் பெரியது. அப்போதும் போகவில்லை. அதற்கு அடுத்தது உடைந்து நுரையாகிப் பரவியதும், "பிடிச்சிக்கிடுங்க" என்று ஒரு குரல், இன்ஜின் அலறியது, வள்ளத்தின் முன்முனையான அணியம் மேலே எழும்பி டமாரென்று இறங்கியது, முகமெல்லாம் உப்புத் தண்ணீர். மகள் உயிர்காப்புச் சட்டையை இரண்டு கையாலும் பிடித்தபடி கத்தினாள். பயந்தா, சந்தோஷத்திலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. அடுத்த நிமிடம் கடல் தளர்ந்து, நீண்ட மெதுவான ஏற்ற இறக்கமாக மாறிவிட்டது.

கரையிலிருந்து விலக விலக முதலில் மறைவது மனிதர்கள். அப்புறம் வீடுகள். அப்புறம் தென்னை மரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு பச்சைக் கோடாகிவிடும். ஆலயக் கோபுரம் மட்டும் அந்தக் கோட்டுக்கு மேலே வெள்ளையாக நிற்கும். அதற்கெல்லாம் பின்னால், நாம் ஊரில் இருக்கும்போது கண்டுகொள்ளாத மலைகள் ஒவ்வொன்றாக எழும்பி வருகின்றன. கரையில் நிற்கும்போது பக்கத்துத் தென்னை மரமே மலையை மறைத்துவிடும். கடலில் மறைக்க எதுவும் இல்லை.

வடகிழக்கே தனியாக நிற்பது மருத்துவாழ்மலை. நாராயண குரு தவம் இருந்த குகை அங்கேதான் இருக்கிறது. அனுமன் தூக்கிப்போன சஞ்சீவி மலையிலிருந்து விழுந்த துண்டு என்பது ஊர்க்கதை. இந்தப் பக்கம், நாகர்கோவில்காரர்கள் தினமும் பார்க்கிற தாடகை மலை. வடமேற்கே வேளிமலை. எல்லாவற்றுக்கும் பின்னால், நீலம் வெளிறிப்போய், 1,600 மீட்டருக்கு மேல் உயரமான மகேந்திரகிரி. அனுமன் இலங்கைக்குத் தாவியது அந்த மலையிலிருந்து என்பார்கள். இன்று அதன் அடிவாரத்தில் இஸ்ரோ ராக்கெட் இன்ஜின்களைச் சோதிக்கிறது. கிழக்கே தூரத்தில், குமரி முனையில், வள்ளுவர் சிலை ஒரு விரல்நுனி அளவுக்குத் தெரிந்தது.

சித்தப்பா இன்ஜினை நிறுத்தினார். மண்ணெண்ணெய் வாசமும் சத்தமும் போனதும், தண்ணீர் பலகையில் தட்டுகிற ஓசை மட்டும். "எதுக்கு இங்க நிப்பாட்டுனேன் தெரியுமா?" என்று என் மகளிடம் கேட்டார். கடல் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரிதான் இருந்தது. அவர் கரையைக் காட்டினார். "அந்தச் சிலுவையப் பாரு. அதுக்கு நேரே பின்னால மருத்துவாமலை உச்சி நிக்குதா? வள்ளம் கொஞ்சம் நவுந்தா ரெண்டும் பிரிஞ்சிரும். இப்ப ஒண்ணா இருக்கு."

கணிச்சம் பார்ப்பது என்று இதைத்தான் சொல்கிறார்கள். கரையில் ஒரு அடையாளமும் அதற்குப் பின்னால் மலையில் ஒரு அடையாளமும் ஒரே நேரில் வந்தால் அது ஒரு கோடு. வேறொரு திசையில் இதேபோல இன்னொரு ஜோடி நேராக வந்தால் இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், மீன் அடைகிற பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கும். வரைபடம் கிடையாது, எழுதிவைத்த குறிப்பு கிடையாது. அப்பாவிடமிருந்து மகன் கற்றுக்கொள்வது. இப்போது ஜிபிஎஸ் வந்துவிட்டது, அவரிடமும் இருக்கிறது. ஆனாலும் கண் முதலில் மலைக்குத்தான் போகிறது. இரண்டாவது கோடு எது என்று மகள் கேட்டாள். சித்தப்பா தலையை ஆட்டிச் சிரித்தாரே தவிர சொல்லவில்லை. சொல்லக்கூடாது. ஒரு குடும்பத்தின் பார் அந்தக் குடும்பத்தின் சொத்து.

எனக்கு அந்த இடத்தில்தான் ஒன்று புரிந்தது. வள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்போது நம் கண் தண்ணீரிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தொடுவானம் நாலு, நாலரை கிலோமீட்டர்தான். அதற்கு அந்தப்பக்கம் தாழ்வாக இருக்கிற எதுவும் தெரியாது. கடலில் வேலை செய்கிறவனுக்கு ஊர் மறைந்த பிறகும் கூட வருவது மலை மட்டுமே. மலையை நாங்கள் தண்ணீர் தருகிற இடமாக, சாரல் வருகிற இடமாகத்தான் பார்த்து வளர்ந்தோம். கடற்கரை ஊர்களுக்கு அது திரும்பி வருகிற வழி. 2017 ஒக்கி புயலில் இந்த மாவட்டத்தின் எத்தனை வீடுகள் திரும்பி வராதவர்களுக்காகக் காத்திருந்தன என்பதை நினைத்தால், அந்த மலைகளை அவர்கள் பார்க்கிற பார்வையே வேறு என்று தெரியும்.

சரி, அஸ்தமனத்துக்கு வருகிறேன். மாசியில் சூரியன் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து, நிலம் எதுவும் குறுக்கே வராமல் நேராகக் கடலில் இறங்கும். ஐப்பசி முதல் மாசி வரை வரச் சொல்வது இதனால்தான். ஆனி, ஆடியில் சூரியன் வடக்கே ஒதுங்கிக் கரைப்பக்கமாகப் போய்விடும், கடலும் பேய்போல இருக்கும். நாம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், எட்டு டிகிரியில், இருப்பதால் சூரியன் சரிந்து வழுக்காமல் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அடி விளிம்பு தண்ணீரைத் தொட்டதிலிருந்து முழுதும் மறைய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல்தான். தொடும்போது வட்டம் வட்டமாக இல்லை, அடிப்பக்கம் நசுங்கி, ஓரங்கள் நடுங்கின. காற்று ஒளியை வளைத்துக் காட்டுவதால் வரும் வடிவம் அது. உண்மையில் அந்த நேரத்தில் சூரியன் ஏற்கெனவே தொடுவானத்துக்குக் கீழே போயிருக்கும். நாம் பார்ப்பது வளைந்து வந்த அதன் வெளிச்சத்தை. மனைவி அதைப் போனில் எடுக்க முயன்று, பாதியில் விட்டுவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிச் சிவப்புப் பொட்டும் போனது. நான் பெருமூச்சு விட்டு நிமிர்ந்தபோது சித்தப்பா என் தோளைத் தட்டி, "இனி இங்கிட்டுத் திரும்புங்க" என்றார்.

மகேந்திரகிரியின் உச்சி எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்குச் சூரியன் மறைந்துவிட்டது. கரைக்கு மறைந்துவிட்டது. தென்னை மரங்கள் கறுத்துவிட்டன. மருத்துவாழ்மலை ஊதாவாகிவிட்டது. ஆனால் அந்த உச்சிக்கு இன்னும் சூரியன் தெரிகிறது. 1,600 மீட்டர் உயரத்தில் அஸ்தமனம் ஏறக்குறைய ஐந்து நிமிடம் தாமதமாக நடக்கும். நிழல் அடிவாரத்திலிருந்து மேலே ஏறுவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. செம்பு நிறம் ரோஜா நிறமாகி, ஒரு சரிவிலிருந்து அடுத்த சரிவுக்குச் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு முகட்டில் மட்டும் நின்று, போனது. கிழக்கு வானத்தில் அடியில் சாம்பல் நீலமாக ஒரு பட்டை, அதன் மேலே இளஞ்சிவப்பு. அந்தச் சாம்பல் நீலம் பூமியின் சொந்த நிழல். அதற்கு மேலே பௌர்ணமிக்கு ஒருநாள் குறைந்த நிலா. சித்ரா பௌர்ணமிக்குக் குமரிமுனையில் இடம் பிடிக்க அவ்வளவு கூட்டம் கூடுகிறது. எந்தப் பௌர்ணமியிலும் சூரியன் முங்குகிற நேரத்தை ஒட்டித்தான் நிலா எழும்பும் என்பதை அந்தக் கூட்டத்துக்கு யாராவது சொல்ல வேண்டும்.

திரும்பும்போது சித்தப்பா இன்ஜினைத் தொடவில்லை. ஓரமாகச் சுருட்டிக் கிடந்த பாயை எடுத்தார். வெயிலில் வெளுத்து, ஒட்டுப் போட்டு, ஒட்டின் மேல் இன்னொரு ஒட்டும் போட்ட துணி. பாய்மரத்தைக் குழியில் நட்டு, பாயை மரத்தோடு சாய்த்துக் கட்டி, கீழ் முனைக் கயிற்றைத் தன் கால் பெருவிரலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். கடற்காற்று அதை நிரப்பியதும் வள்ளம் ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து ஓடத் தொடங்கியது. இன்ஜின் வந்த பிறகு இந்தக் கரையில் பாய் விரிக்கிறவர்கள் ரொம்பக் குறைந்துவிட்டார்கள். அவர் அதை வைத்திருப்பது இன்ஜின் படுத்துவிட்டால் வீடு வந்து சேர்வதற்காக. மேற்கே முட்டம் கலங்கரை விளக்கம் மினுங்க ஆரம்பித்திருந்தது. பொழி முகத்தில் மட்டும் பாயைச் சுருட்டிவிட்டு இன்ஜினைப் போட்டார். அங்கே விளையாட்டு இல்லை.

போக நினைக்கிறவர்களுக்கு ஒன்று. பழக்கமில்லாத யாரிடமாவது பணம் கொடுத்து மீன்பிடி வள்ளத்தில் ஏறாதீர்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் ஏறவே ஏறாதீர்கள். மீன்பிடித் தடைக்காலம் இங்கே கொஞ்சம் வேடிக்கையானது. சின்னமுட்டம் விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கடற்கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டினம் பக்கம் மேற்குக் கடற்கரைக் கணக்கு, ஜூன், ஜூலை. ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு கடல், இரண்டு தடை.

வள்ளம் கிடைக்காதவர்கள் மணக்குடிப் பாலத்துக்குப் போகலாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஆறு வருகிற வழி திறந்து கிடப்பதால் மலை நன்றாகத் தெரியும். மேற்கே சூரியன் முங்கியதும் கிளம்பிவிடாமல், வண்டி வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சாலையைக் கடந்து மறுபக்கக் கைப்பிடிக்குப் போங்கள். உங்களுக்கு இன்னும் ஐந்து நிமிடம் இருக்கிறது.