தண்டனை வந்தால் பென்ஷன் என்னவாகும்?

லஞ்ச வழக்கில் தண்டனை என்றதும் பென்ஷன் தானாகவே நின்றுவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. அதற்கென்று ஓர் ஆணை வர வேண்டும். அந்த ஆணை எந்த விதியின்கீழ் வரும் என்பது, தீர்ப்பு வந்த நாளில் அந்த ஊழியர் பணியில் இருந்தாரா, ஓய்வு பெற்றுவிட்டாரா என்பதைப் பொறுத்தது. பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள மத்திய அரசு ஊழியர்களை வைத்தே இதை எழுதுகிறேன்.

பணியில் இருக்கும்போது தண்டனை வந்தால் துறை விசாரணையே தேவையில்லை. அரசியலமைப்பின் 311(2) பிரிவு அந்த விலக்கைத் தருகிறது. துறை உத்தேசித்த தண்டனை பற்றி விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் வரும், அவ்வளவுதான். டிஸ்மிஸ் (மறுபடி அரசு வேலை பெரும்பாலும் கிடையாது) ஆனாலும் பணிநீக்கம் (இந்த வேலை மட்டும் போகும்) ஆனாலும் அதுவரை செய்த பணிக்காலம் முழுவதும் பறிபோகும். ஓய்வூதியமும் பணிக்கொடையும் கிடைக்காது. கட்டாய ஓய்வு என்றால் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத ஓய்வூதியம் உண்டு. ஆனால் லஞ்சம் நிரூபணமானால் டிஸ்மிஸ் அல்லது பணிநீக்கம்தான் என்று நடத்தை விதிமீறல் தண்டனைகளுக்கான விதிகளே சொல்வதால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

மிஞ்சுவது கருணைப்படி, அதாவது வேலை பறிபோனவருக்கு அரசு இரக்கப்பட்டுத் தரக்கூடிய மாதத் தொகை. உச்சவரம்பு, கிடைத்திருக்கக்கூடிய ஓய்வூதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு. சொந்த ஆதாயத்துக்காக அரசை ஏமாற்றியவர்கள் இதை எதிர்பார்க்க முடியாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் கோடு போட்டுவிட்டது. கிடைத்தால், அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியமும் உண்டு. ஆகவே குடும்பத்துக்காகவேனும் கேட்டுப் பார்க்கலாம். ஜிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) இருப்பு அவருடைய சொந்தப் பணம். டிஸ்மிஸ் ஆனாலும் அது வந்தே தீர வேண்டும்.

நிறையப் பேர் இடறுவது மேல்முறையீட்டில். மேல் நீதிமன்றம் நிறுத்திவைப்பது பெரும்பாலும் சிறைத் தண்டனையை மட்டுமே. குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்கும். மேல்முறையீடு முடியும்வரை துறை காத்திருக்கத் தேவையில்லை என்று, தமிழ்நாட்டிலிருந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போன கல்லூரிக் கல்வித் துறை வழக்கில் 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. ஜாமீன் கிடைத்ததும் வேலையும் பென்ஷனும் தப்பியது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

வழக்கு நடக்கும்போதே ஓய்வு வந்தால் தற்காலிக ஓய்வூதியம் கிடைக்கும். பணிக்கொடை நிற்கும், கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாக முன்கூட்டியே வாங்குவது) கிடையாது. பிறகு தண்டனை வந்தால், மத்திய அரசின் 2021 ஓய்வூதிய விதிகளின் 8-ஆம் விதிப்படி ஓய்வூதியத்தை நிறுத்த ஆணை வரும்: முழுவதுமாகவோ பகுதியாகவோ, நிரந்தரமாகவோ குறிப்பிட்ட காலத்துக்கோ. பகுதியாகக் குறைத்தால் குறைந்தபட்ச ஓய்வூதியத்துக்குக் கீழே போகக் கூடாது. அதுவரை வாங்கிய தற்காலிக ஓய்வூதியத்தைத் திருப்பிக் கேட்கவும் முடியாது. நான்கு வருடத்துக்கு முந்தைய சம்பவம், அதனால் நடவடிக்கை கூடாது என்ற வாதம், ஓய்வுக்குப் பின் தொடங்கும் துறை நடவடிக்கைக்குத்தான் உதவும். நீதிமன்ற வழக்கில் எடுபடாது.

குற்றப்பத்திரிகை தாக்கலானதுமே தற்காலிக ஓய்வூதியத்தை நிறுத்தும் அலுவலகங்களும் உண்டு. இது அநியாயம். ஓய்வூதியம் சொத்துரிமை, விதி இல்லாமல் நிறுத்த முடியாது என்பது அரசியலமைப்பின் 300ஏ பிரிவின்கீழ் 2013 ஜார்க்கண்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எந்த விதியின்கீழ் நிறுத்தினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

மேல்முறையீட்டில் விடுதலையானாலும் பழைய ஆணை தானாக ரத்தாகாது. தீர்ப்பின் சான்றிட்ட நகலுடன் மறுபரிசீலனை மனு கொடுக்க வேண்டும்.