ஷாம்பூயி முதல் ஓரிகன் சிட்டி வரை

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்திலிருந்து காரில் ஒரு மணி நேரத்திற்குள் எட்டிவிடக்கூடிய ஷாம்பூயி, இன்று வில்லாமெட் ஆற்றங்கரையில் ஒரு பூங்கா. ஊர் இருந்ததற்கு அடையாளமாகப் புல்வெளியில் பழைய தெருக்களின் பெயர் தாங்கிய கட்டைகள் மட்டுமே நிற்கின்றன. 1861 டிசம்பர் வெள்ளம் ஊரை அடித்துக்கொண்டு போய்விட்டது.

1841-இல் ஈவிங் யங் என்ற செல்வந்தர் உயிலோ அறியப்பட்ட வாரிசோ இன்றி இறந்தபோது, அவருடைய சொத்தை யார் தீர்வு செய்வது என்ற கேள்விதான் வில்லாமெட் பள்ளத்தாக்கில் குடியேறியவர்களை முதலில் ஒன்றுகூட வைத்தது. 1843 மே 2 அன்று ஷாம்பூயியில் 52-க்கு 50 என்ற கணக்கில் தற்காலிக அரசுக்கு ஒப்புதல் கிடைத்ததாக மரபுவழிக் கணக்கு கூறுகிறது. ஆதரித்த 52 பேரின் பெயர்களை 1901-இல் நிறுவிய தூணில் வாசித்தேன். எதிர்த்தவர்களுக்குத் தூண் இல்லை. அவர்களுள் பெரும்பாலோர் பிரிட்டிஷ் தோல் வணிக நிறுவனமான ஹட்சன் பே கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்தபின், பழங்குடிப் பெண்களை மணந்து இங்கே கோதுமை பயிரிட்டு வந்த பிரெஞ்சுக் கனடியர்கள்.

புதிய அரசு ஒவ்வொருவரும் 640 ஏக்கர் வரை உரிமை கோரலாம் என்றது. 1844-இல் கறுப்பினத்தவர் இங்கே வாழவே கூடாது என்றும் சட்டம் இயற்றியது. 1850-இல் அமெரிக்கக் காங்கிரஸ் தன் நிலக்கொடைச் சட்டத்தின் வழியே, தனியாளுக்கு 320 ஏக்கரும் தம்பதியருக்கு 640 ஏக்கரும் வழங்கியபோது, அந்நிலத்தின் சொந்தக்காரர்களான காலப்பூயா பழங்குடி மக்களோடு செல்லத்தக்க உடன்படிக்கை எதுவும் இல்லை. உழுவதற்கு வாகாக மரமடர்த்தியின்றிக் கிடந்த அப்புல்வெளிகளும் இயற்கை தானாகத் தந்தவை அல்ல. காமஸ் கிழங்கும் ஓக் விதையும் செழிக்க, அவர்கள் ஆண்டுதோறும் தீயிட்டுப் பேணியவை. 1830-களின் மலேரியா அம்மக்களில் பெரும்பாலோரைக் கொன்றுவிட்டது. எஞ்சியோர் 1855 உடன்படிக்கைக்குப் பின் கிராண்ட் ரோண்ட் பழங்குடியினர் ஒதுக்கிடத்திற்கு அனுப்பப்பட்டனர்.

அருவியருகே உள்ள ஓரிகன் சிட்டியில் ஜான் மெக்லாக்லினின் வெண்ணிற மரவீட்டைப் பார்க்கலாம். ஹட்சன் பே கம்பெனியின் பெரிய அதிகாரியான அவர், நெடும்பயணத்தில் ஓய்ந்து வந்த அமெரிக்கர்களுக்கு விதையும் உணவும் கடனாகக் கொடுத்தவர். அதே 1850 சட்டத்தின் 11-ஆம் பிரிவு, இந்த ஊரில் அவர் உரிமை கோரியிருந்த நிலத்தைப் பல்கலைக்கழகம் ஒன்றை அமைப்பதன் பெயரால் பறித்துக்கொண்டது. நன்றிகெட்டதனம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1857-இல் அவர் இறந்தார். ஐந்தாண்டுகள் கழித்து, ஆயிரம் டாலர் கட்டணம் பெற்றுக்கொண்டு, மாநிலச் சட்டமன்றம் அந்நிலத்தை அவருடைய வாரிசுகளிடம் திருப்பிக் கொடுத்தது.